மிதக்கும் முட்டை

தண்ணீரில் போட்டால் மிதக்கிற முட்டையை எறிந்துவிட வேண்டுமா என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். ஃப்ரிட்ஜுக்கு வெளியே கிடந்த முட்டை என்றால் எறிந்துவிடுவதே நல்லது. ஆனால் மிதப்பது முட்டையின் வயதைத்தான் சொல்லும். மூழ்கிவிட்டது, பயமில்லை என்று இருந்துவிடுவதில்தான் ஆபத்து.

முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. கோழியின் உடல் சூட்டோடு வெளியே வரும் முட்டை ஆறும்போது உள்ளிருப்பது சுருங்கி, அகன்ற முனையில் காற்று புகுந்துகொள்கிறது. நாளாக ஆக ஈரம் ஆவியாகி அந்தக் காற்றறை பெருக்கும். புது முட்டை தண்ணீரில் படுத்துக்கிடக்கும். சற்றுப் பழையது எழுந்து நிற்கும். மிகப் பழையது மிதக்கும்.

எனக்கு அலுக்காத அதிசயம் வெள்ளைக் கரு. துளை வழியே நுழையும் கிருமிக்கு அது கோட்டையைச் சுற்றிய அகழி. அதிலுள்ள லைசோசைம் என்ற நொதி பாக்டீரியாவின் செல்சுவரை அரித்துவிடும். 1922இல் அந்த நொதியைப் பற்றி உலகுக்குச் சொன்னவர், பின்னாளில் பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங். ஓவோடிரான்ஸ்ஃபெரின் என்ற இன்னொரு புரதம் இரும்பைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலான கிருமிகள் இரும்பு கிடைக்காமல் பெருக முடியாது. கரியமில வாயு வெளியேற வெளியேற காரத்தன்மையும் ஏறுகிறது. இட்ட அன்று 7.6 அளவில் இருக்கும் பி.எச். சில நாளில் 9ஐத் தாண்டிவிடும். நேற்று இட்ட முட்டையை அவித்தால் ஓடு சதையைப் பிய்த்துக்கொண்டு வரும், சில நாள் ஆனது சுலபமாக உரியும் என்பது சமைப்பவர்களுக்குத் தெரியும். காரணம் இந்தக் காரம்தான்.

இந்தக் காவல் நெடுநாள் நிற்காது. மஞ்சள் கருவைச் சுற்றிய சவ்வு தளர்ந்து, உள்ளிருக்கும் இரும்பும் சத்தும் வெள்ளைக் கருவுக்குள் கசியும். புகுந்த கிருமி அப்போதுதான் தலையெடுக்கும். வெயில் காலத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

கூமுட்டையை மூக்கே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஒவ்வொன்றையும் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பாருங்கள். வெள்ளைக் கருவில் இளஞ்சிவப்போ பச்சைப் பளபளப்போ தெரிந்தால் கொட்டிவிடுங்கள். ரத்தப் பொட்டு ஒன்றும் செய்யாது. அவித்த மஞ்சள் கருவைச் சுற்றிய பச்சை வளையமும் அப்படித்தான்.

ஆனால் சால்மோனெல்லா என்ற கிருமிக்கு நாற்றமும் இல்லை, நிறமும் இல்லை. அதில் ஒரு வகை கோழியின் சினைப்பையிலேயே தங்கி, ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் போய்விடும். இன்று காலை இட்ட முட்டையிலும் இருக்கலாம். 71 டிகிரி செல்சியஸ் சூட்டில் அது செத்துவிடும்; மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வேகவிட்டால் போதும். ஆஃப் பாயிலும் கலக்கியும் அந்த அளவு வேகாதவை. குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வயதானவருக்கும் அவற்றைக் கொடுக்கவே வேண்டாம். பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது இந்தக் கவலையால்தான்.

நாமக்கல்லிலிருந்து பத்திரமாக வந்து சேரும் முட்டை, கடை வாசலில் அட்டை அட்டையாக வெயிலில் காய்வதைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை. உதிரியாக வாங்குகிறவருக்கு அது என்றைக்கு இட்டது என்றே தெரிவதில்லை. கேளுங்கள். கேட்டால்தான் கடைக்காரரும் பண்ணையைக் கேட்பார். வீட்டுக்கு வந்ததும் கழுவி அடுக்காதீர்கள்; துளைகளை மூடியிருக்கும் மெல்லிய பூச்சு போய்விடும். விரிசல் விட்டதை மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். ஓடு விட்டுப்போன பிறகு, அது எத்தனை நாள் முட்டை என்று பார்த்துப் பயனில்லை.