சமைக்கப் போவதில்லை, ஆனாலும் பார்க்கிறோம்



சென்ற மாதம் எமது வானொலியில் தொலைக்காட்சிச் சமையல் நிகழ்ச்சிகளைப் பற்றிப் பேசியபோது பல நேயர்கள் தொலைபேசியில் அழைத்தார்கள். அநேகமாக எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "பார்ப்போம், ஆனால் செய்வதில்லை." ஒரு அம்மா சிரித்துக்கொண்டே, "தம்பி, அவையள் கேக் சுடுறதைப் பார்த்துக்கொண்டு நான் பிட்டுக்கு மாக் குழைக்கிறன்" என்றார். நேரம் போதாமல் அன்று சொல்லாமல் விட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

செய்யப் போவதில்லை என்று தெரிந்தும் ஏன் பார்க்கிறோம்? இதற்கு என்னிடம் உள்ள பதில் மிகவும் எளியது. நாம் சமையலைப் பார்ப்பதில்லை, சமைப்பவரைப் பார்க்கிறோம். இதை எனக்குக் காட்டித் தந்தவர் என் அம்மா.

அம்மா 1993இல் இலண்டன் வந்தார். அப்போது அவருக்கு அறுபது வயது. ஆங்கிலம் தெரியாது. நானும் மனைவியும் வேலைக்குப் போனால் மாலை ஆறு மணிவரை வீட்டில் தனியாகத்தான் இருப்பார். தமிழ்த் தொலைக்காட்சி எங்கள் வீட்டுக்கு வந்திராத காலம் அது. செய்தி விளங்காது, நாடகம் விளங்காது. சமையல் மட்டும் விளங்கியது. வெங்காயம் வெட்டுவதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை அல்லவா?

அவருக்கு மிகவும் பிடித்தவர் டீலியா ஸ்மித். டீலியா பதினாறு வயதில் எந்தச் சான்றிதழும் இல்லாமல் பள்ளியை விட்டவர். இலண்டன் பாடிங்டனில் ஒரு சிறிய உணவகத்தில் பாத்திரம் கழுவுவதில் தொடங்கி, சமையல் எழுத்தாளராகி, 1973இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் தன் முதல் தொடரைச் செய்தார். அவர் நிகழ்ச்சியில் ஆட்டபாட்டம் எதுவும் கிடையாது. அமைதியாக நிற்பார், ஒவ்வொன்றாகச் சொல்லுவார், செய்து காட்டுவார். பிற்காலத் தொடர்களைச் சஃபக்கிலுள்ள தன் சொந்த வீட்டிலேயே படம்பிடித்தார். பின்னால் கண்ணாடிக்கு வெளியே தோட்டம் தெரியும்.

1998இல் அவர் 'ஹவ் டு குக்' என்ற தொடரை முட்டை அவிப்பதிலிருந்து தொடங்கினார். இதையெல்லாமா தொலைக்காட்சியில் சொல்லித் தருவது என்று வேறு சமையற்காரர்கள் கேலி செய்தார்கள். ஆனால் முட்டை அவிக்கத் தெரியாதவர்கள் நாட்டில் ஏராளம் இருந்தார்கள். அவர்கள் அதுவரை வெட்கத்தில் யாரிடமும் கேட்கவில்லை, அவ்வளவுதான். டீலியா ஒரு சாமானைப் பயன்படுத்தினால் அடுத்த நாள் கடைகளில் அது முடிந்துவிடும். 1995இல் கிரான்பெரிப் பழத்துக்கு நாடெங்கும் தட்டுப்பாடு வந்தது. 2001இல் கொலின்ஸ் ஆங்கில அகராதியில் 'டீலியா' என்பதே ஒரு சொல்லாகச் சேர்ந்தது.

அம்மா இவரைப் பற்றிச் சொன்ன வார்த்தை இன்றும் என் காதில் இருக்கிறது. "உந்த மனுசி ஒண்டையும் ஒளிக்கிறேல்லை."

ஊரில் கைப்பக்குவம் உள்ள சிலர், கேட்டால் ஒரு சாமானை விட்டுவிட்டுத்தான் செய்முறை சொல்லுவார்கள். அம்மாவுக்கு அந்த அனுபவம் உண்டு. ஆகவே எதையும் மறைக்காமல் சொல்பவர் மீது அவருக்கு மதிப்பு வந்தது. ஒரு சமையல் தொகுப்பாளரிடம் நாம் முதலில் தேடுவது இந்த நம்பிக்கையைத்தான். தொலைக்காட்சியில் மணமும் வராது, ருசியும் வராது. சமையலுக்கு முக்கியமான இரண்டுமே இல்லாத இடத்தில், சமைப்பவர் முகமும் சொல்லுமே நமக்கு மிச்சம். இந்த ஆள் பொய் சொல்லமாட்டார் என்று மனதுக்குப் பட்டால்தான் தொடர்ந்து பார்ப்போம்.

இரண்டாவது காரணம், தவறு. கீத் ஃப்ளொய்ட் என்பவரைப் பழைய நேயர்கள் நினைவில் வைத்திருப்பீர்கள். ஒரு கையில் வைன் கிளாஸ், மறு கையில் அகப்பை. 1980களின் நடுப்பகுதியில் மீன் சமையலோடு வந்தவர், ஸ்டூடியோவை விட்டு வெளியேறிப் படகிலும் கடற்கரையிலும் வயலிலும் நின்று சமைத்தார். கமராக்காரரைப் பார்த்து, என் முகத்தைக் காட்டாதே, சட்டியைக் காட்டு என்று அதட்டுவார். ஒருமுறை பிரான்சில் பாஸ்க் இனப் பெண்மணி ஒருவரின் குசினியில், அந்த ஊர் முட்டைச் சமையல் ஒன்றை அவருக்கே செய்து கொடுத்தார். அந்த அம்மா ருசி பார்த்துவிட்டு, இது சரியில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஃப்ளொய்ட் அந்தப் பகுதியை வெட்டி எறியவில்லை. அப்படியே ஒளிபரப்பானது. அவர் 2009இல் காலமானார். இன்றும் அவரைப் பற்றிப் பேசுபவர்கள் முதலில் சொல்வது அந்தக் காட்சியைத்தான். அடிப்பிடிக்காத சட்டி உள்ள வீடு உலகத்தில் இல்லை. பெரிய சமையற்காரருக்கும் பிழைக்கும் என்று பார்க்கும்போது, நாளைக்கு நாமும் அடுப்பைப் பற்றவைக்கலாம் என்ற தைரியம் வருகிறது.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. ஃபானி கிரடொக் என்பவர் 1950களிலிருந்து பிரித்தானியாவின் பிரபலமான தொலைக்காட்சிச் சமையற்காரி. நடன விருந்துக்குப் போவதுபோல் உடுத்திக்கொண்டுதான் சமைப்பார். 1976இல் 'த பிக் டைம்' என்ற நிகழ்ச்சியில், டெவன் பகுதி விவசாயி ஒருவரின் மனைவி ஒரு பெரிய விருந்துக்குத் தயாரித்த உணவுப் பட்டியலைப் பார்த்து, குமட்டுவதுபோல் முகத்தைச் சுழித்தார். நாடே கொதித்தது. பி.பி.சி. அதன்பின் அவருக்குச் சொந்தமாக ஒரு சமையல் தொடர் கொடுக்கவேயில்லை. இருபது வருடப் புகழ் ஒரு முகச்சுழிப்பில் போயிற்று. தனக்குத் தெரியும் என்பதற்காகப் பார்ப்பவர்கள் ஒருவரை விரும்புவதில்லை. தெரியாதவரை அவர் எப்படி நடத்துகிறார் என்பதையே கவனிக்கிறார்கள்.

மூன்றாவது காரணம், கூட்டு. அம்மா பின்னேரங்களில் தவறாமல் பார்த்தது 1994இல் தொடங்கிய 'ரெடி ஸ்டெடி குக்'. இரண்டு சாதாரண ஆட்கள் ஐந்து பவுணுக்குள் வாங்கிய சாமான்களைப் பையில் கொண்டு வருவார்கள். இரண்டு சமையற்காரர்கள் அதை வைத்து இருபது நிமிடத்தில் சமைக்க வேண்டும். ஒரு பக்கம் சிவப்புத் தக்காளி, மறுபக்கம் பச்சைக் குடைமிளகாய். கடைசியில் பார்வையாளர்கள் அட்டையைத் தூக்கி வாக்களிப்பார்கள். முதலில் ஃபேர்ன் பிரிட்டன் நடத்தினார், 2000 முதல் ஏன்ஸ்லி ஹரியட். நெடிய உருவம், வாய் நிறையச் சிரிப்பு. ஏன்ஸ்லி சிரித்தால் அம்மாவும் சிரிப்பார், என்ன பகிடி என்று தெரியாமலே. நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முதல், "இண்டைக்குத் தக்காளிதான் வெண்டது. ஆனா அது பிழை, மற்றவன்தான் நல்லாச் செய்தவன்" என்று தீர்ப்புச் சொல்லுவார். ஒரு சொல் ஆங்கிலம் தெரியாத மனுசிக்கு, இந்த நாட்டில் கருத்துச் சொல்ல ஓர் இடம் கிடைத்திருந்தது.

இனி, நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியமான ஒருவர், மதுர் ஜாஃப்ரி. 1933இல் டெல்லியில் பிறந்தவர், அடிப்படையில் நடிகை. 1965இல் வெளிவந்த 'ஷேக்ஸ்பியர் வாலா' படத்துக்காகப் பெர்லின் விழாவில் சிறந்த நடிகை விருது பெற்றவர். 1982இல் பி.பி.சி.யில் அவரது இந்தியச் சமையல் தொடர் வந்தது. அவர் கோழிக்குக் கொத்தமல்லி இலை போட்ட அடுத்த நாள் மான்செஸ்டர் கடைகளில் கொத்தமல்லி இலை முடிந்துவிட்டது என்று சொல்லுவார்கள்.

நான் 1985இல் வந்தவன். வேலை செய்த தொழிற்சாலையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும்போது சிலர் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்காருவார்கள். பாண் துண்டும் சீஸும் கொண்டுபோகத் தொடங்கினேன். ஒருநாள், கூட வேலை செய்த வயதான ஆங்கிலேயப் பெண்மணி அருகில் வந்து, "சீரகம் எந்தக் கடையில் மலிவு?" என்று கேட்டார். மதுர் ஜாஃப்ரியின் புத்தகத்தைப் பார்த்து வீட்டில் கறி வைக்கிறாராம். அடுத்த நாள் நான் சோறும் கறியும் கொண்டுபோனேன். ஒரு தொலைக்காட்சித் தொடரால் இப்படியும் நடக்கும். பின்னாளில் அம்மாவுக்கு அந்தத் தொடரின் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். கடைசிவரை பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, இதிலை எங்கட கறித்தூள் எங்கை?" என்று கேட்டார்.

மதுர் ஜாஃப்ரி இலண்டனுக்கு நடிப்புப் படிக்க வந்தபோது அவருக்குச் சமைக்கவே தெரியாது. இங்குள்ள சாப்பாடு பிடிக்காமல் டெல்லியிலிருந்த தாய்க்குக் கடிதம் எழுதினார். தாய் விமானத் தபாலில் செய்முறைகளை எழுதி அனுப்பினார். பின்னர் உலகம் பார்த்த சமையலுக்கு அந்தக் கடிதங்களே அத்திவாரம்.

இதைப் படித்தபோதெல்லாம் எனக்கு உள்ளே குத்தும். அவர் டெல்லிக்கு எழுதிக் கேட்டார். என் அம்மா பதினொரு வருடம் என் வீட்டுக் குசினியிலேயே நின்றார். நான் கேட்கவில்லை.

அம்மா 2004இல் காலமானார். சில வருடங்களின் பின் என் மகள், "அப்பா, அப்பம்மா வைக்கிற கத்தரிக்காய்க் குழம்பு எப்படி?" என்று கேட்டாள். கத்தரிக்காயைப் பொரித்துப் போடுவார், புளி விடுவார், வெந்தயம் போடுவார், பால் கடைசியில் விடுவார். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். எவ்வளவு புளி? "கண்ணளவு" என்பார். எப்போது இறக்குவது? "சத்தம் மாறேக்கை" என்பார். எந்தச் சத்தம் எந்தச் சத்தமாக மாறும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

இப்போது எனக்கு ஒன்று விளங்குகிறது. தொலைக்காட்சியில் சமைப்பவரும் கண்ணளவில் சமைக்கத் தெரிந்தவர்தான். ஆனால் படம்பிடிக்கும்போது அவர் அப்படிச் செய்ய முடியாது. நிகழ்ச்சி அரை மணிநேரம், இறைச்சி வேக இரண்டு மணிநேரம். ஆகவே பாதி வெந்தது ஒன்று, முழுதாக வெந்தது ஒன்று என்று முன்கூட்டியே தயாரித்து வைக்க வேண்டும். அதற்கென்று திரைக்குப் பின்னால் ஆட்கள் நிறுத்து, அளந்து, வெட்டி வைப்பார்கள். எல்லாவற்றுக்கும் அளவு வேண்டும், நேரம் வேண்டும், ஏன் என்று ஒரு காரணமும் சொல்ல வேண்டும். கமரா என்பது ஒன்றும் தெரியாத ஒரு பிள்ளை. அதற்கு எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொன்னால்தான் விளங்கும். எங்கள் அம்மாமாருக்குப் பக்கத்தில் அப்படி ஒரு பிள்ளை நிற்கவில்லை. நாங்கள் மேசையில் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டோம்.

இன்றைய பிள்ளைகள் பார்ப்பது வேறு. விஜய் தொலைக்காட்சியில் 2019இல் தொடங்கிய 'குக்கு வித் கோமாளி'யில் செஃப் தாமுவும் வெங்கடேஷ் பட்டும் நடுவர்களாக இருந்து கோமாளிகளோடு சேர்ந்து சிரித்ததை என் மகளும் பார்த்தாள். புதுக்கோட்டை மாவட்டத்து 'வில்லேஜ் குக்கிங் சானல்' 2021இல் யூடியூபில் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. அதன் நடுவில் பெரியதம்பி என்ற தாத்தா நிற்கிறார். மேடை மாறினாலும் காரணம் மாறவில்லை. நம்பக்கூடிய ஒரு முகம், பிழைத்தால் சிரிக்கும் மனம், பக்கத்தில் ஆள் இருப்பதுபோன்ற ஓர் உணர்வு.

ஆகவே நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் அம்மாவோ, அம்மம்மாவோ, மாமியோ சமைத்துக்கொண்டிருந்தால் கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் நில்லுங்கள். அவர் கையால் அள்ளியதைச் சட்டியில் போட முதல் ஒரு கிண்ணத்தில் போடச் சொல்லி நிறுத்துப் பாருங்கள். எண்ணெய் கொதிக்கும் சத்தத்தையும் பதிவு செய்யுங்கள். "ஏன் இப்ப போடுறீங்கள்?" என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். "உனக்கேன் உது, போய் இரு" என்று ஏசினாலும் போகாதீர்கள். அந்த ஏச்சையும் வெட்ட வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் மகளும் மறுபடியும் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தோம். இது எத்தனையாவது முறையோ தெரியாது. அடுப்புக்குப் பக்கத்தில் இருவரும் பேசாமல் நின்று சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். சாப்பிட்டபின், "அப்பம்மா வைச்சது மாதிரி இருக்கோ?" என்று கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை. ஆனா நல்லா இருக்கு" என்றேன். அவள் புளியின் அளவை ஒரு கொப்பியில் எழுதி வைத்தாள்.

மீண்டும் அடுத்த மாதம் வானலையில் சந்திப்போம். வணக்கம்.