எங்கே வெட்டக்கூடாது என்று தெரிந்தவர்

பெங்களூரில் ஏப்ரல் மாதக் கோடை மழை இறங்கத் தொடங்கினால், காக்ஸ் டவுனில் கார் வைத்திருப்பவர்கள் முதலில் அண்ணாந்து பார்ப்பது தலைக்கு மேலே நீண்டிருக்கும் கிளையைத்தான். வீலர் சாலையிலும் அதையொட்டிய தெருக்களிலும் வண்டியை நிறுத்த நிழல் வேண்டும். ஆனால் அந்த நிழல் மழையில் முறிந்து கூரைமேல் விழக்கூடாது. 2024 ஜூன் 2 அன்று பெங்களூரில் 111.1 மி.மீ. மழை கொட்டியது. ஜூன் மாதத்தில் ஒரே நாளில் பெய்த மழையில் 133 ஆண்டுகளாகக் காணாத அளவு அது. நகரம் முழுக்க நூற்றுக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அப்படி ஒரு ராத்திரி கழிந்தாலே, ‘இந்த மரத்தையும் எடுத்துடுங்க’ என்ற மனுக்கள் குவிய ஆரம்பித்துவிடும்.

தெருவுக்கு ரம்பத்தோடு வருபவர்கள் பொதுவாக இரண்டு வகை. மின்கம்பியில் உரசும் கொப்புகளைக் கழிக்க வருபவர்கள். விழுந்த மரத்தைத் துண்டு போட்டு அள்ளிப்போக வருபவர்கள். முன்னவர்களுக்குக் கம்பிதான் கணக்கு. கம்பி போகும் பக்கத்தை மட்டும் மழித்துவிட்டுப் போனால் மரத்தின் பாரம் முழுக்க மறுபக்கம் சாயும். நாலைந்து மழைக்காலம் இப்படியே போனால், பின்னவர்களுக்கு வேலை தானாக வந்து சேரும். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் மூன்றாவதாக ஒருவர் வேண்டியிருக்கிறது. மரத்தை நிற்கவைப்பதற்காக ரம்பம் எடுப்பவர். மேலைநாடுகளில் இவரை ட்ரீ சர்ஜன் என்கிறார்கள். நம் ஊரில் இந்தத் தொழிலுக்கு ஆள் இன்னும் அபூர்வம்.

ஒரே காலத்து மரங்கள்

இந்த நகரத்துக்கு ஏன் அவர் இப்போது அவசரமாகத் தேவைப்படுகிறார் என்பதற்கு விடை அதன் வரலாற்றில் இருக்கிறது. 1809-இல் ஆங்கிலேயப் படை இங்கே கூடாரம் அடித்தபோது, அதோடு வந்த தமிழர்கள் தண்டு என்று அழைக்கப்பட்ட கன்டோன்மென்ட் பகுதி முழுக்கக் குடியேறினார்கள். அந்தப் பகுதியின் விரிவாக எழுந்த காக்ஸ் டவுனின் பழைய பங்களாக்களில் மாவும் பலாவும் முற்றத்திலேயே வளர்ந்தன. லால்பாக் தாவரவியல் பூங்காவின் பொறுப்புக்கு 1908-இல் வந்த ஜெர்மானியர் கிரும்பிகல், ஒரு சாலையின் மரங்கள் பூத்து ஓயும்போது அடுத்த சாலை பூக்கத் தொடங்குகிற மாதிரி நகரத்தைத் திட்டமிட்டார். ஜகரண்டாவும் குல்மோஹரும் தபேபுயாவும் மாறி மாறிப் பூப்பதை இன்றும் பார்க்கிறோம்.

அடுத்த பெரிய அலை 1982-இல். முதல்வர் குண்டுராவ் காலத்தில் வனத்துறை அதிகாரி எஸ்.ஜி. நெகின்ஹால் தொடங்கிய திட்டத்தில் ஐந்தே ஆண்டுகளில் சுமார் 15 லட்சம் கன்றுகள் நடப்பட்டன. 2021-இல் மறைந்த அவர் வைத்த மரங்களில் பல இன்று நாற்பது வயதைத் தொட்டு நிற்கின்றன. தெருவோரக் குல்மோஹருக்கு அது முதுமை. ஒரே காலத்தில் வைத்தவை ஒரே காலத்தில் தளர்கின்றன. இந்திய அறிவியல் கழகத்தின் டி.வி. ராமச்சந்திரா குழு கணக்கிட்டபோது நகரில் ஏழு பேருக்கு ஒரு மரம் என்ற விகிதம்தான் தேறியது. இருப்பதைக் காப்பாற்றியே ஆகவேண்டிய கணக்கு அது.

கொட்டாப்புளியின் சத்தம்

மர வைத்தியம் ரம்பத்தில் தொடங்குவதில்லை. மரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்ப்பதில்தான் தொடங்குகிறது. அடிமரத்தில் தட்டு மாதிரி காளான் முளைத்திருக்கிறதா? அப்படியானால் உள்ளே வேர்ப்பக்கம் அழுகல் ஓடியிருக்கிறது. இரண்டு பெருங்கிளைகள் பிரியும் கவையில் பட்டை உள்மடிந்திருக்கிறதா? காற்றில் பிளப்பது அந்த இடத்தில்தான். மரத்தின் ஒரு பக்க மண் உப்பி வெடிப்பு விட்டிருந்தால் வேர் பிடி தளர்கிறது என்று பொருள். பிறகு வைத்தியர், தச்சர்கள் வைத்திருக்கும் கொட்டாப்புளி போன்ற மரச்சுத்தியலால் தண்டைச் சுற்றித் தட்டிக்கொண்டே வருவார். கெட்டியான இடத்தில் கணீரென்று எதிரொலிக்கும். பொந்து விழுந்த இடத்தில் பானையைத் தட்டினாற்போல் ‘தொம்’ என்று கேட்கும்.

பொந்து இருக்கிறது என்பதற்காக மரத்தைச் சாய்த்துவிட வேண்டியதில்லை. மரத்தின் உயிர் பட்டைக்கு அடியில் உள்ள மெல்லிய அடுக்கில் ஓடுகிறது. நடுவில் இருக்கும் வைரம் உயிரற்ற தாங்குகட்டைதான். ஹௌரா தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரத்தில் பூஞ்சை பிடித்த தாய்மரத்தை 1925-இல் வெட்டி எடுத்துவிட்டார்கள். விழுதுகளை ஊன்றிக்கொண்டு அது இன்றும் ஒரு தோப்பாக நிற்கிறது. பெங்களூருக்கு மேற்கே கெங்கேரியைத் தாண்டி ராமோஹள்ளிப் பக்கம் இருக்கும் தொட்ட ஆலதமரத்தின் கதையும் அதுவே. தாய்மரம் நோயில் போய்விட, விழுதுகள்தான் ஏக்கர் கணக்கில் பந்தல் போட்டிருக்கின்றன.

வெட்டுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ, ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்குவாட்டில் அறுத்துப் பார்த்து 1977-இல் வெளியிட்ட முடிவு இந்தத் தொழிலையே புரட்டிப்போட்டது. மனிதத் தோல்போல மரம் தன் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, அதன்மேல் புதிதாக வளர்கிறது. வெட்டிய காயம் உள்ளே அப்படியே இருக்கும். ஆகவே தவறான வெட்டு ஒன்று விழுந்தால் அது மரத்தின் ஆயுளுக்கும் கூடவே வரும்.

கிளையும் தண்டும் சேரும் இடத்தில் லேசாகப் புடைத்த ஒரு கழுத்து தெரியும். அந்தச் சுவரை எழுப்பும் திசு அங்கேதான் இருக்கிறது. கிளையைத் தண்டோடு ஒட்ட வழித்தெடுத்தால் கழுத்தும் போய்விடும்; ஒரு முழம் விட்டு வெட்டினால் மிச்சக் குச்சி அழுகி உள்ளே இறங்கும். தேர்ந்தவர் மூன்று வெட்டுப் போடுவார். தண்டிலிருந்து ஓரடி தள்ளிக் கீழ்ப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு முதல் வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது. கிளை பட்டையை உரித்துக்கொண்டு வராமல் கழன்று விழும். கழுத்தை ஒட்டி அதற்கு வெளியே மூன்றாவது. ஒரே தடவையில் பச்சையில் கால்வாசிக்கு மேல் எடுக்கமாட்டார். உச்சியைத் தறித்து மொட்டையடித்தால் வெடித்துக் கிளம்பும் புதுக்கொப்புகள் ஆழமாக வேரூன்றாமல் மேலோட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்த காற்றில் அவைதான் முதலில் பிய்ந்து விழும்.

சிமென்ட் சொல்லும் கதை

மரத்துக்கு வைத்தியம் நமக்குப் புதிதில்லை. சுரபாலர் பெயரில் வழங்கும் ‘விருக்ஷாயுர்வேதம்’ 325 செய்யுட்களில் மரத்துக்கும் வாதம், பித்தம், கபம் உண்டென்று சொல்லி மருந்தும் சொல்கிறது. நவீனத் தொழிலுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவின் ஒஹாயோவுக்குப் போன ஜான் டேவி. 1901-இல் ‘தி ட்ரீ டாக்டர்’ என்று புத்தகம் போட்டார். 1909-இல் தன் நிறுவனத்தைப் பதிவு செய்தார். பல் டாக்டர் பாணியில் பொந்தைச் சுரண்டிச் சிமென்ட் அடைப்பது அந்தக் காலத்துப் பெருமை. காற்றில் மரம் ஆடும், சிமென்ட் ஆடாது. இரண்டும் உரசி உள்காயம் பெருகுவதைக் கண்ட பிறகு அந்த வழக்கத்தைக் கைவிட்டார்கள். நம் ஊரில் இன்றும் பொந்தைக் கண்டால் சிமென்ட் குழைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய சிமென்ட் தொல்லை காலடியில். மரத்துக்கு உணவும் காற்றும் வாங்கும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் இரண்டடி ஆழத்துக்குள் படர்ந்திருக்கிறது. நடைபாதைக் கான்கிரீட் அடிமரம்வரை இறுகினால் தண்ணீரும் இறங்காது, காற்றும் போகாது. கேபிளுக்காகவும் வடிகாலுக்காகவும் பள்ளம் தோண்டும்போது மரத்தைத் தாங்கும் வேர்கள் அறுபடுகின்றன. மேலே பார்த்தால் பச்சைப் பசேலென்று நிற்கும் மரம் ஒரே மழையில் வேரோடு சாய்வதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட்டை உடைத்தெடுக்கும்படி 2013-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது.

பெங்களூரில் ‘மர டாக்டர்’ என்று பத்திரிகைகள் எழுதும் விஜய் நிஷாந்த், ஜெயநகர் மரங்களை ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்து இணைய வரைபடத்தில் ஏற்றும் ‘விருக்ஷா’ பணியால் அறியப்பட்டவர். அவரைப் போன்றவர்களைத் தேடிவரும் நோயாளிகளில் மனிதர்கள் காயப்படுத்திய மரங்களும் உண்டு. விளம்பரப் பலகையையோ கடை வாசலையோ மறைக்கிறது என்று அடிமரத்தில் துளை போட்டு அமிலம் ஊற்றுகிறார்கள். சுற்றிலும் பட்டையை வளையமாக உரித்துவிடுகிறார்கள். இலையில் தயாராகும் உணவு வேருக்கு இறங்குவது பட்டை வழியாகத்தான். வளையம் முழுதாகச் சுற்றிவிட்டால் வேர் பட்டினியில் சாகும். வெந்துபோன பகுதியைச் சுரண்டிக் கழுவி, பூஞ்சை பிடிக்காதபடி போர்டோ பசை பூசி, தேவையானால் உரிந்த இடத்தின் மேலும் கீழும் குச்சிகளைப் பாலம்போல ஒட்டுக்கட்டுவது சிகிச்சை.

தெலங்கானாவின் மகபூப்நகரில் பல நூற்றாண்டு வயதுள்ள பில்லலமர்ரி ஆலமரத்தைக் கரையான் அரித்தபோது, 2018-இல் அதிகாரிகள் கிளைகளில் சலைன் பாட்டில்களை வரிசையாகத் தொங்கவிட்டுப் பூச்சிமருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். தொங்கும் கிளைகளுக்குத் தூண் கட்டி முட்டுக் கொடுத்தார்கள்.

அனுமதிக்கு ஒரு வாசல்

கர்நாடகத்தின் 1976-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த வீட்டு வளாகத்து மரமானாலும் அடியோடு வெட்ட மர அதிகாரியின் அனுமதி வேண்டும். தென்னை, யூகலிப்டஸ், சில்வர் ஓக் போன்ற சில இனங்களுக்கு மட்டும் விலக்கு. ஐம்பது மரங்களுக்கு மேல் போகிற திட்டமென்றால் பொதுமக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். வீட்டுக்காரர் செய்யக்கூடிய உபகாரமும் உண்டு. மா மரத்தில் புல்லுருவி தலைகாட்டினால், கிளைக்குள் அதன் பிடி இறங்கியிருக்கும் இடத்துக்குக் கீழேயே கழித்துவிடலாம். மலர்கொத்திக் குருவி பழத்தைத் தின்று கிளையில் தேய்த்துவிட்டுப் போகும் பிசுபிசுப்பான விதைதான் அதைப் பரப்புகிறது. பழுக்குமுன் எடுத்தால் பக்கத்து வீட்டு மரமும் தப்பும்.

ஏறுவதே விளையாட்டு

வேலை ஆபத்தானது. நுனியில் குண்டு நிரப்பிய சிறு பையைக் கட்டி, மெல்லிய நூலை உயரக் கவைக்கு வீசி, அதன் பின்னாலேயே ஏறும் கயிற்றை இழுத்துக்கொள்வார்கள். முள் பூட்ஸ் மாட்டி ஏறுவது வெட்டப்போகிற மரத்துக்கு மட்டுமே. உயிருள்ள மரத்தில் ஒவ்வொரு குத்தும் ஒரு காயம். மோட்டார் ரம்பத்துக்கென்றே தைத்த கால்சட்டையில் நீளமான இழைகள் அடுக்கடுக்காக இருக்கும். சங்கிலி பட்டதும் அவை உருவிக்கொண்டு பல்சக்கரத்தில் சிக்கி ரம்பத்தை நிறுத்தும். கீழே நிற்கும் துணையாளின் பார்வை மேலேயிருந்து அகலக்கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஓய்வு நாளில் இவர்கள் போவது மரத்துக்குத்தான். 1976-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் தொடங்கிய சர்வதேச மரமேறும் போட்டியில் நூல் வீசுதல், வேகமாக ஏறுதல், கிளை கிளையாகப் போய் மணி அடித்துத் திரும்புதல் எல்லாம் தனித்தனிச் சுற்றுகள். மரத்தின் மேலே ‘மயங்கிக் கிடக்கும்’ பொம்மையைப் பத்திரமாகக் கீழே இறக்குவதும் ஒரு சுற்று. தொழிலில் உயிர் காக்கும் பயிற்சி அங்கே விளையாட்டாக நடக்கிறது.

பெங்களூரில் இதே ஆர்வம் வேறு வடிவம் எடுக்கிறது. லால்பாக்கில் விஜய் திருவாடி நடத்திவந்த மர நடைகள், 2014-இல் தொடங்கிய ‘நெரளு’ மரத் திருவிழா, எஸ். கார்த்திகேயனின் சாலை மரக் கையேடு என்று ஞாயிற்றுக்கிழமைகளை நிரப்ப இங்கே நிறைய உண்டு. ‘சீசன்வாட்ச்’ என்ற மக்கள் அறிவியல் திட்டத்தில் சேருபவர்கள், தங்கள் தெருவிலேயே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து அது துளிர்ப்பதையும் பூப்பதையும் காய்ப்பதையும் தொடர்ந்து பதிவு செய்கிறார்கள். மர வைத்தியருக்கு இந்தக் குறிப்புகள் நோயாளியின் பழைய சீட்டு மாதிரி. போன வருடம் எந்தக் கிளை துளிர்க்காமல் நின்றது என்று எழுதி வைத்திருப்பவருக்கு, இந்த வருடக் கோடை மழைக்கு முன் எதை இறக்க வேண்டும் என்பது மார்ச்சிலேயே தெரிந்துவிடும்.