எஞ்சின் மாற்றியும் வண்டி எடுக்கவில்லையா?

நாராயண்காவ் தக்காளியோடு விடியும் முன்பே புனேயின் குல்டேக்டி மார்க்கெட் யார்டுக்குள் நுழையும் பிக்கப் வண்டிகளுக்கு ஓய்வு என்பதே கிடையாது. ஓடிய ஓட்டத்துக்கு ஒருநாள் எஞ்சின் கையை விரிக்கும். அப்போது உரிமையாளருக்கு மூன்று வழிகள்: கம்பெனி எஞ்சின், ரீகண்டிஷன் செய்த எஞ்சின், இன்னொரு வண்டியிலிருந்து கழற்றிய பழைய எஞ்சின். பட்ஜெட் பெரும்பாலும் இரண்டாவதையோ மூன்றாவதையோதான் காட்டும். உதிரிபாகக் கடைகள் நிறைந்த நானா பேட்டில் விசாரித்து, எஞ்சினை ஓரிடத்தில் வாங்கி, வேறொரு பட்டறையில் பொருத்துவார்கள். கடைசியில் சாவியைத் திருகினால் செல்ஃப் அடிக்கிறது, வண்டி எடுக்கவில்லை. மெக்கானிக் எஞ்சின் விற்றவரைக் கைகாட்டுகிறார், விற்றவர் மெக்கானிக்கைக் கைகாட்டுகிறார். வண்டிக் கடனின் தவணை தேதி மட்டும் சரியாக வந்துவிடுகிறது.

இந்தச் சண்டையில் உரிமையாளர் ஜெயிப்பதும் தோற்பதும் ஒரே கேள்வியில்தான் இருக்கிறது. கோளாறு எஞ்சினுக்குள் இருக்கிறதா, பொருத்திய விதத்தில் இருக்கிறதா? எஞ்சினுக்குள் என்றால் விற்றவர் பொறுப்பு, பொருத்தியதில் என்றால் பட்டறை பொறுப்பு. அதனால் கோளாறைக் கண்டுபிடிப்பது வண்டியைக் கிளப்புவதற்கான வேலை மட்டுமல்ல, வழக்குக்கான சாட்சியமும் அதுதான்.

சாவியைத் திருகியும் செல்ஃப் சுற்றவே இல்லை என்றால் எஞ்சினைச் சந்தேகிக்க அவசரம் வேண்டாம். முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி சும்மா இருக்கும்போது சுமார் 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது அது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியைப் பார்க்க வேண்டும். பேட்டரி நன்றாக இருந்தால் அடுத்து எர்த் ஒயர். எஞ்சின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதையும் சேசிஸையும் இணைக்கும் எர்த் பட்டையை மாட்ட மறந்தாலோ, பெயின்ட் அடித்த இடத்தில் முடுக்கினாலோ மின்சாரம் திரும்பிப் போக வழியில்லை. பேட்டரியின் நெகட்டிவ் முனையில் மீட்டரின் ஒரு முனை, எஞ்சின் உடம்பில் மறுமுனை, யாராவது செல்ஃப் அடிக்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில்தான் கோளாறு. சில ரூபாய் ஒயரில் முடிகிற விஷயத்துக்கு எஞ்சினையே மறுபடி இறக்கச் சொல்லும் பட்டறைகளும் உண்டு.

செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் கதை வேறு. பழைய வகை டீசல் பம்பு வைத்த வண்டியில் முதல் குற்றவாளி ஏர் லாக். ஃபில்டரின் காற்றுத் திருகைத் தளர்த்தி, கை பம்பை அடித்து, குமிழி நின்று டீசல் மட்டும் வரும்வரை விட வேண்டும். பிறகு பம்பின் ஃப்யூயல் கட்-ஆஃப் சோலனாய்டுக்கு ஒயர் வருகிறதா, பம்பு டைமிங் சரியா என்று பார்க்கலாம்.

காமன் ரெயில் வண்டியில் ஊகத்துக்கு இடமே இல்லை, ஸ்கேனர் வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் எஞ்சின் வேகம் பூஜ்யமாகவே நின்றால் கிராங்க் சென்சாரோ அதன் சாக்கெட்டோ வேலை செய்யவில்லை. அல்லது வேறு மாடலின் ஃப்ளைவீல் வந்து சேர்ந்து, சென்சார் படிக்க வேண்டிய பற்களின் அமைப்பே மாறியிருக்கும். வேகம் காட்டியும் ரெயில் அழுத்தம் ஏறவில்லை என்றால் டீசல் போகும் வழியைப் பார்க்க வேண்டும். இன்ஜெக்டர் மாறியிருந்தால் பல மாடல்களில் அதன் குறியீட்டை எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு.வில் பதிய வேண்டும். எஞ்சினோடு பழைய வண்டியின் இ.சி.யு.வும் சேர்ந்து வந்திருந்தால் இம்மொபிலைசர் உங்கள் சாவியை அடையாளம் காணாமல் டீசலை நிறுத்திவிடும். 2020 ஏப்ரல் 1-க்குப் பிந்தைய பி.எஸ்.6 வண்டியில் பி.எஸ்.4 எஞ்சினை ஏற்றினால் ஒயரிங், சென்சார், புகைக் கட்டுப்பாடு எதுவும் ஒத்துப்போகாது. அது சட்டத்துக்கும் ஒத்துவராது.

மூன்று காரியங்களை யார் சொன்னாலும் செய்யக் கூடாது. காமன் ரெயில் குழாயில் டீசல் கசிகிறதா என்று கையை வைத்துத் தேடக் கூடாது. அங்கே அழுத்தம் 1,000 பாருக்கு மேல் போகும். தோலைத் துளைத்து உள்ளே போகும் டீசலுக்கு ஊசி குத்திய அளவு காயம்தான் வெளியே தெரியும், ஆனால் உடனே அறுவைச் சிகிச்சை தேவைப்படும். ஹீட்டர் பிளக் உள்ள டீசல் எஞ்சினின் காற்று வழியில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கக் கூடாது. டைமிங்கைச் சரிபார்க்காமல் வண்டியைக் கட்டி இழுத்துக் கிளப்பக் கூடாது. வால்வும் பிஸ்டனும் மோதிவிட்டால் கோளாறு யாருடையது என்ற கேள்விக்குப் பதிலும் சேர்ந்தே உடைந்துபோகும்.

அளந்தது எதுவானாலும் ஜாப் கார்டில் ஏற வேண்டும்: எத்தனை வோல்ட், ஸ்கேனர் காட்டிய கோட், ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷன், தேதி, கையெழுத்து. எர்த்தும் சென்சாரும் சரியாக இருந்து, கம்ப்ரஷன் மட்டும் கீழே கிடந்தால் விற்றவர் பதில் சொல்ல வேண்டிய இடம் அது. “எல்லாம் செக் பண்ணியாச்சு” என்ற வாய்ச்சொல்லுக்கு எந்த நுகர்வோர் ஆணையத்திலும் மதிப்பில்லை.

பில் வேண்டாம் என்றால் ஜி.எஸ்.டி. மிச்சம் என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். மிச்சமாவது அவருக்குத்தான். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பில் தர மறுப்பதையும், ரீகண்டிஷன் செய்த பொருளைப் புதியது என்று விற்பதையும் முறையற்ற வணிகம் என்றே வகைப்படுத்துகிறது. பில்லில் எஞ்சின் எண், மாடல், பழையதா ரீகண்டிஷனா என்ற விவரம், எத்தனை மாதம் கேரண்டி ஆகியவை இருக்க வேண்டும். பழைய எஞ்சின் என்றால் அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான ஆவண நகலையும் கேளுங்கள். திருட்டு வண்டியின் எஞ்சின் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவு வாங்கியவர் மீதும் பாயும்.

உரிமையாளர்கள் மிகச் சாதாரணமாக மறந்துவிடுவது எஞ்சின் எண்ணைத்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரி 9 அன்று, கேரளத்திலிருந்து வந்த ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே உறுதி செய்தது. எஞ்சினைப் பொருத்தும் முன்பே ஆர்.டி.ஓ. ஒப்புதல் கேட்பதுதான் பாதுகாப்பு. பத்து வண்டிகளுக்குக் குறையாமல் வைத்திருப்பவர்களுக்கு, அதே தயாரிப்பு, அதே வகை எஞ்சினை முன் ஒப்புதல் இல்லாமல் மாற்ற மாநில அரசு அனுமதி தரலாம். அவர்களும் 14 நாட்களுக்குள் தெரிவித்தாக வேண்டும். அனுமதிக்கப்படாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவின் கீழ் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு. எஃப்.சி.யின் போதும் இன்சூரன்ஸ் கிளெய்மின் போதும் ஆர்.சி.யில் ஓர் எண், எஞ்சினில் வேறு எண் என்றால் பேச வாயிருக்காது. இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவலும், கடன் தீராத வண்டி என்றால் நிதி நிறுவனத்தின் எழுத்துச் சம்மதமும் இதோடு சேர வேண்டும்.

சரக்கு வண்டி வைத்திருப்பவர் நுகர்வோரா? “வியாபாரத்துக்கு வாங்கியது, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போக முடியாது” என்று மிரட்டும் பட்டறைக்காரருக்கான பதில் 1995 ஏப்ரல் 4 தீர்ப்பில் இருக்கிறது. மகாராஷ்டிராவைச் சேர்ந்த லக்ஷ்மி எஞ்சினியரிங் ஒர்க்ஸ் என்ற சிறுதொழில் நிறுவனம், கோவை பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் வாங்கிய இயந்திரம் பற்றித் தொடுத்த வழக்கு அது. அந்த நிறுவனம் தோற்றது, அது வாங்கியது வணிக நோக்கம் என்று முடிவானது. ஆனால் அதே தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டுக் காட்டியது. பிழைப்புக்காக லாரி வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர். துணைக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் நுகர்வோர்தான். முழுக்க அடுத்தவர் ஓட்டுவதற்காகவே வாங்கியவர் நுகர்வோர் இல்லை. 2019 சட்டமும் சுயதொழில் பிழைப்புக்கு இதே விலக்கைத் தருகிறது. டிரைவர் வைத்துப் பல வண்டிகளை ஓட்டுபவருக்கு சிவில் நீதிமன்றம்தான் வழி.

பணம் கட்டாமல் வண்டியைத் தர மாட்டேன் என்று பட்டறை பிடித்துவைத்தால்? 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவு உழைப்பைப் போட்டவருக்கு அந்த உரிமையைத் தருகிறது. சட்டமே காட்டும் உதாரணம் வைரம் பட்டைதீட்டும் நகைத்தொழிலாளி. அவர் வேலையை முடித்துவிட்டுக் கல்லைப் பிடித்துவைக்கிறார். கிளம்பாத வண்டியை வேலை முடிந்த வண்டி என்று சொல்ல முடியுமா என்று பட்டறையைத் தாராளமாகக் கேட்கலாம். வண்டி உடனே வேண்டும் என்றால் ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் பணம் கட்டுவது நல்லது.

புகாருக்கு முதல் படி 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். எஞ்சின் விற்றவர், பொருத்தியவர் இருவரையும் ஒரே மனுவில் எதிர்த்தரப்பாகச் சேர்க்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே மனு போடச் சட்டம் இடம் தருகிறது. நாமக்கல்காரர் வண்டி புனேயில் படுத்துவிட்டால் நாமக்கல்லிலேயே வழக்குப் போடலாம். கிர்க்கியிலோ தேஹு ரோட்டிலோ குடியிருக்கும் தமிழருக்கு புனே மாவட்ட ஆணையம். 1974-லேயே கிராஹக் பஞ்சாயத்து என்ற நுகர்வோர் இயக்கம் பிறந்த ஊர் இது.

வழக்குத் தொடரக் காரணம் எழுந்த நாளிலிருந்து கெடு இரண்டு ஆண்டுகள். “அடுத்த வாரம் பார்க்கலாம்” என்று பட்டறை சொல்லும் தவணைகளுக்காக அந்தக் கெடு நின்று காத்திருக்காது. வண்டி கிளம்பாத அன்றே ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது அனுப்பி, பட்டறையின் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.