பசியா வரமா, பண வரமா?

பசியாவரம்! பிரித்துப் படித்துப் பாருங்கள், தோழர்களே! பசியா வரம்! பெயரிலே வரம் இருக்கிறது, பிழைப்பிலே இருக்கிறதா?

பழவேற்காட்டு ஏரி நீர் சூழ்ந்த மீனவர் ஊர் அது. பாலம் வேண்டும், பாலம் வேண்டும் என்று பல்லாண்டுகள் மன்றாடிய மக்கள். முகத்துவாரம் தூர்ந்தால் கடல்நீர் வராது. கடல்நீர் வராவிட்டால் இறால் இல்லை. இறால் இல்லாவிட்டால் அடுப்பிலே நெருப்பில்லை!

இந்த ஊருக்கும் தேர்தல் வருகிறது. கொடிகள் வருகின்றன, கும்பிடும் கைகள் வருகின்றன. வாக்குப் பெட்டியோடு அவையும் கரையேறிவிடுகின்றன.

"கட்சிகளே வேண்டாம்" என்கிறார்கள் சிலர். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். ஏரிக்கரையில் தனித்து நிற்பவன் குரல் கோட்டைக்குக் கேட்காது. குரல்களைக் கூட்டிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது கட்சி. கட்சியில்லா மக்களாட்சி, துடுப்பில்லாத் தோணி! ஆனால், துடுப்பு உளுத்திருந்தால் அதைச் சொல்லவும் வேண்டாமா?

முதல் உளுப்பு, பணம். சட்டமன்ற வேட்பாளர் 40 இலட்சத்துக்கு மேல் செலவிடக்கூடாது என்று 2022இல் வரம்பு கட்டினர். கட்சி செலவிடுவதற்கோ வரம்பே இல்லை! முன் கதவுக்குப் பூட்டு, பின் கதவு திறப்பு! 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017இல் இராதாகிருஷ்ணன் நகர், 2019இல் வேலூர். பணப்பட்டுவாடா காரணமாகத் தேர்தல் நிறுத்தப்பட்ட தமிழகத் தொகுதிகள் இவை. 2018இல் வந்த தேர்தல் பத்திரத் திட்டத்தின் வழியே 16,500 கோடி ரூபாய்க்கு மேல் கட்சிகளுக்குப் போயிற்று. கொடுத்தவர் யார்? வாக்காளனுக்கு அன்று தெரியாது! 2024 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. கொடுத்தவர் கேட்பார்; கேட்டால் கொடுக்கவேண்டி வரும். வலைக்காரன் என்ன கொடுத்தான், கேட்பதற்கு?

இரண்டாம் உளுப்பு, உள்ளே ஒலிக்காத குரல். 1985ஆம் ஆண்டின் கட்சித்தாவல் தடைச் சட்டப்படி, உறுப்பினர் கொறடாவின் கட்டளையை மீறி வாக்களித்தால் பதவி பறிபோகலாம். தாவலைத் தடுக்க அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால், பொன்னேரித் தொகுதியின் உறுப்பினர் மன்றத்திலே கட்சி சொன்னபடிதான் கை தூக்கவேண்டுமென்றால், ஏரி மக்களின் குரல் கட்சிக்குள்ளாவது ஒலிக்கவேண்டுமே! கிளையிலே பேச்சில்லை, மாவட்டத்திலே போட்டியில்லை, எல்லாம் "ஏகமனதாக" என்றால் எங்கே போய் ஒலிக்கும் அது?

1956இல் திருச்சி மாநாட்டிலே, தேர்தலில் நிற்பதா வேண்டாமா என்று தொண்டரிடமே வாக்குப்பெட்டி வைத்துக் கேட்டது திராவிட முன்னேற்றக் கழகம். 1957இல் 15 இடம், 1967இல் ஆட்சி! தொண்டனைக் கேட்ட கட்சி தோற்றுப்போகவில்லை. அந்தப் பெட்டி இன்று எந்தக் கட்சியின் அலுவலகத்திலே இருக்கிறது? பிறரைக் கேட்குமுன் நம்மவரையும் கேட்கிறோம்!

ஏரி மீனவரிடம் 'பாடு' என்றொரு முறை உண்டு. குலுக்கல் போட்டு, வலையிடும் இடத்தை முறைவைத்துப் பகிர்ந்துகொள்வர். ஊர் கூடி வகுத்த ஒழுங்கு! புகழத்தான் வேண்டும். ஆனால் முழுதும் புகழ முடியுமா? வழிவழி உரிமை பெற்ற குலத்தாருக்கே அது. கையால் இறால் தடவிப் பிழைக்கும் இருளருக்கு இடமில்லை, பெண்ணுக்கும் பங்கில்லை.

கட்சிகள் மட்டும் என்ன வாழ்ந்தன? 2021இல் தமிழகச் சட்டமன்றத்துக்குத் தேர்வான 234 பேரில் பெண்கள் 12 பேர்! பட்டியலில் இடம் கொடுக்கும் கை கட்சியின் கையல்லவா?

மீனவத் தோழனே! நோட்டை நீட்டினால் வாங்காதே, கணக்கைக் கேள்! கொடியை ஏற்று, ஏற்றிய கையாலேயே கேள்வியையும் எழுப்பு! எந்தக் கட்சியும் உனக்கு வரம் தரும் தெய்வமல்ல. வரம் உன் வாக்கிலே இருக்கிறது. விற்றுவிட்டால், ஊர்ப் பெயரிலே மட்டும்தான் அது மிஞ்சும்!