உராய்வு பார்ப்பது நொடியை, மீட்டரை அல்ல

போன மாதம் மச்சினன் கார் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஊருக்குள் நுழைகிற சாலை. "50 போதும்ப்பா" என்றேன். "70-தான் மாமா, 20 தானே கூட? பிரேக் பக்காவா இருக்கு" என்றான். சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன்.

காய்ந்த தார்ச்சாலையில் டயரின் உராய்வுக் குணகம் சுமார் 0.7. அதை வைத்துப் பார்த்தால், முழு பிரேக் போடும்போது ஒவ்வொரு நொடியும் காரின் வேகம் மணிக்கு 25 கி.மீ. அளவுக்குக் குறையும். 50-ல் போனால் 2 நொடியில் நிற்கும். 100-ல் போனால் 4 நொடி. இதுவரை நம்ம உள்ளுணர்வு சரிதான்: வேகம் இரட்டித்தால் நேரமும் இரட்டிக்கும்.

தூரத்தில்தான் ஏமாந்துபோகிறோம். 50-ல் வரும் கார் 14 மீட்டரில் நின்றுவிடும். 100-ல் வருவதற்கு 28 இல்லை, 56 மீட்டர் வேண்டும். நிற்க எடுக்கும் நேரமும் இரண்டு மடங்கு, அந்த நேரத்தில் ஓடும் சராசரி வேகமும் இரண்டு மடங்கு. ஆக, தூரம் நான்கு மடங்கு.

இப்போ மச்சினன் விஷயத்துக்கு வருவோம். சரியாக 14 மீட்டர் முன்னால் ஒரு குழந்தை குறுக்கே வருகிறது. 50-ல் வந்த கார் மயிரிழையில் நின்றுவிடும். 70-ல் வந்த கார் அதே இடத்தில் பிரேக் போட்டால்? அந்த 14 மீட்டரை அது 0.84 நொடியில் கடந்துவிடும். அதற்குள் உராய்வால் 21 கி.மீ. வேகத்தைத்தான் குறைக்க முடியும். மீதி 49 கி.மீ. வேகத்தில் மோதும்! முதல் கார் பிரேக்கே போடாமல் மோதுவதற்குச் சமம் இது. சுதாரித்து பிரேக்கை மிதிக்க ஆகும் நேரத்தை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

"பெரிய வண்டி, வெயிட் அதிகம், நல்லா பிடிக்கும்" என்பதும் தப்பு. எடை கூடினால் உராய்வு கூடும் என்பது உண்மை. 1699-லேயே பிரான்சில் அமோந்தோன் இதை விளக்கியிருக்கிறார். ஆனால் நிறுத்த வேண்டிய நிறையும் அதே அளவு கூடுகிறதே! இரண்டும் கழிந்துபோகும். ஈரச்சாலையில் உராய்வு பாதியானால், நிற்கும் தூரம் இரண்டு மடங்காகும்.

கணக்கை மச்சினனுக்கு அனுப்பினேன். "49-ஆ மாமா?" என்று மட்டும் கேட்டான். நீங்களும் ஒருமுறை போட்டுப் பாருங்க.