உம்மாவின் அளவுக் கொப்பி

உம்மா வீட்டில் உடுப்புத் தைப்பார். அவரது அளவுக் கொப்பியை, உயர்தரத்தில் நாங்கள் படிக்கும் பைத்தனில் எழுத முனைந்தேன். 1991இல் வெளிவந்த மொழி அது. அதில் வகுப்பு என்பது மாதிரிக் கடதாசி; அதை வைத்துத் தைக்கும் ஒவ்வொரு சட்டையும் ஒரு பொருள். 'வாடிக்கையாளர்' என்றொரு வகுப்பு எழுதி, அளவுப் பட்டியலை அதன் தலைப்பிலேயே வைத்தேன். சாச்சியின் அளவைக் கேட்டால் பக்கத்து வீட்டு மாமியின் இடுப்பளவும் சேர்ந்து வந்தது! உம்மா பெருநாள் துணியை வெட்டப் போகும் நேரம்.

"கொப்பியே போதும் மகள்" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரவிரவாகத் தேடினேன். வகுப்பின் தலைப்பில் வைத்த பட்டியல் ஒன்றே ஒன்றுதான். எல்லாப் பொருள்களும் அதிலேயே எழுதும். 'இனிட்' முறைக்குள் 'செல்ஃப்' சேர்த்து எழுதினால்தான் ஆளுக்கொரு பட்டியல் கிடைக்கும். மாதிரிக் கடதாசியில் யாராவது மாமியின் இடுப்பளவை எழுதி வைப்பார்களா? ஒரு வரிதான் இடம் மாறியது. இப்போது உம்மா கொப்பியையும் திரையையும் ஒத்துப் பார்த்த பிறகே கத்தரிக்கோலை எடுக்கிறார்.