‘கெட்’ என்னும் சிறு சொல்

நமது பங்கைச் சேர்ந்த செவிலியர் ஒருவர் 2022ஆம் ஆண்டு இங்கிலாந்து நாட்டு மருத்துவமனை ஒன்றில் பணி ஏற்றார். அந்நாட்டார் வேண்டும் ஆங்கிலத் தேர்வில் நல்ல மதிப்பெண்களோடு தேறியவர். விடுமுறையில் ஊர் திரும்பியபோது நம்மைக் காண வந்தார். நலம் உசாவி முடிந்தபின், நெடுநாள் மனத்தில் வைத்திருந்த ஒன்றைக் கூறினார்.

பணியில் சேர்ந்த முதல் மாதமாம். எண்பது வயதைக் கடந்த நோயாளர் ஒருவர் நள்ளிரவில் இவரை அழைத்து, ‘ஐ ஹாவ் காட் டு கோ’ என்றிருக்கிறார். வீட்டிற்குப் போகவேண்டுமென்று முதியவர் அடம்பிடிப்பதாக எண்ணிய இவர், மருத்துவர் இன்னும் அனுமதி தரவில்லை, பொழுது விடியட்டும் என்று இதமாகச் சொல்லி, போர்வையையும் சரிசெய்துவிட்டு அகன்றார். முதியவர் மீண்டும் அதையே சொன்னார். இவரும் மீண்டும் ஆறுதலே சொன்னார். சற்று நேரத்தில் படுக்கை நனைந்துவிட்டது. கழிப்பறைக்குப் போகவேண்டும் என்பதைத்தான் அவர் தம் நாட்டு வழக்கப்படி அவ்வாறு சொல்லியிருக்கிறார்! துணியை மாற்றும்போது அப்பெரியவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாராம்.

“சுவாமி, பெரிய பெரிய சொல்லெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. இந்தச் சின்னச் சொல்தான் தெரியாமற் போயிற்று” என்றார் அவர்.

இதைக் கேட்டு நமக்கு நெஞ்சு சுட்டது. அவர் பள்ளி மாணவியாயிருந்த நாளில், இதே பங்கில் உதவிக் குருவாயிருந்து மாலை வகுப்பில் அவருக்கு ஆங்கிலம் கற்பித்தவர் நாமே. அவர் எழுதிய கட்டுரைகளில் ‘காட்’ என்று வந்த இடமெல்லாம் சிவப்பு மையால் அடித்து, ‘அப்டெய்ன்ட்’ என்றும் ‘ரிசீவ்ட்’ என்றும் திருத்தியதும் நாமே. குருமடத்தில் நமக்கு அப்படித்தான் பயிற்றினார்கள். “‘கெட்’ என்பது கெட்ட சொல்” என்று உடன் பயின்ற தோழர் ஒருவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இந்த வெறுப்பு நம் நாட்டில் தோன்றியதன்று. இங்கிலாந்துப் பள்ளிகளிலேயே ஆசிரியர் பலர் அதனை நயமற்ற சொல்லென்று விலக்கி வந்தனர். எழுத்தில் விலக்கலாம்; ஆனால் பேச்சில் அதனை விலக்கி வாழ்ந்த ஆங்கிலேயர் எவரேனும் இருந்திருப்பாரா என்பது ஐயமே.

இச்சொல் இங்கிலாந்திற்கு வந்த வழியும் சுவையானது. 793ஆம் ஆண்டு லிண்டிஸ்பார்ன் தீவிலிருந்த துறவு மடத்தை வடகடல் கொள்ளையர் சூறையாடியதைத் திருச்சபை வரலாறு படித்தோர் அறிவர். வைக்கிங்குகள் எனப்பட்ட அவ்வினத்தார் பின்னர் நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறி, உழுது பயிரிட்டு, பெண் கொடுத்துப் பெண் எடுத்து, அம்மக்களோடு கலந்துவிட்டனர். முட்டையைக் குறிக்கும் ‘எக்’, வானத்தைக் குறிக்கும் ‘ஸ்கை’, கணவனைக் குறிக்கும் ‘ஹஸ்பண்ட்’ ஆகிய வீட்டுச் சொற்கள் அவர்கள் விட்டுச் சென்றவையே. ‘கெட்’ என்பதும் அவர்களுடைய ‘கெட்டா’ என்னும் வினையிலிருந்து வந்தது. பழைய ஆங்கிலத்தில் அதன் உறவுச் சொல் கூட்டுச் சொற்களில் மட்டுமே வழங்கியது. அவற்றுள் ஒன்று மறத்தலைக் குறிக்கும் ‘பர்கெட்’. கையில் பிடித்திருந்ததை நழுவவிடுதல் என்பது அதன் உட்பொருள். மற்றொன்று மகவைத் தருதலைக் குறிக்கும் ‘பிகெட்’. முன்னோர் கையாண்ட ஆங்கில விவிலியத்தில், மத்தேயு நற்செய்தியின் தலைமுறை அட்டவணை நெடுகிலும் அதன் இறந்தகால வடிவமாகிய ‘பிகாட்’ அடுக்கி வரும். நீசேயா விசுவாச அறிக்கையின் ஆங்கில வடிவில் இன்றும் ‘பிகாட்டன்’ என்னும் சொல் உண்டு. அறிக்கையில் அதை மரியாதையோடு சொல்லிவிட்டு, அதன் உடன்பிறப்பை வகுப்பறையில் கெட்ட சொல் என்று தள்ளினோம்!

சரி, இது செய்யும் வேலைதான் என்ன? பெயர்ச்சொல் தொடர்ந்தால் ஒன்றைப் பெறுதல்: கடிதம் கிடைத்தது, பரிசு கிடைத்தது. இடப்பெயர் தொடர்ந்தால் சென்று சேர்தல். பண்புச்சொல் தொடர்ந்தால் அந்நிலைக்கு மாறுதல்: களைப்படைதல், கோபமடைதல், முதுமையடைதல். வேறொரு வினையின் எச்சம் தொடர்ந்தால் ‘படு’ என்னும் நம் துணைவினையின் வேலையைச் செய்யும்: காயம்பட்டான். இடையில் ஓர் ஆளை நிறுத்தினால், அவரைக் கொண்டு ஒன்றைச் செய்வித்தல். இவையெல்லாவற்றிலும் ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்குக் கடக்கும் குறிப்பு இருப்பதைக் காண்க. ஆனால் ‘ஹாவ் காட்’ என்று சேரும்போது கடத்தலும் மறைந்து, வெறும் உடைமைப் பொருளே எஞ்சுகிறது. அதனோடு ‘டு’வும் சேர்ந்தாலோ உடைமையும் போய்க் கட்டாயம் வந்துவிடுகிறது. நம் செவிலியரின் காதில் விழுந்தது இந்தக் கட்டாயமே. முதியவருக்குப் போகவேண்டும் என்பதை அவர் சரியாகவே உணர்ந்தார். எங்கே என்பதைத்தான் அச்சொற்கள் சொல்லவில்லை. மானத்தின் பொருட்டு இடத்தின் பெயரை விழுங்கிவிடுவது நம் மக்களிடத்தும் உள்ள வழக்கமன்றோ?

பின்னொட்டுச் சொற்களோடு சேரும்போது இன்னும் சிக்கல். ஒருவரைக் குறித்து ‘கெட்டிங் ஆன்’ என்று வாளா சொன்னால் வயது ஏறிவிட்டது என்று பொருள். ‘கெட்டிங் ஆன் வெல்’ என்றாலோ நன்றாய் முன்னேறுகிறார் என்பது பொருள். நோயாளரைப் பற்றி ‘கெட்டிங் தேர்’ என்றால், அவர் எங்கும் புறப்படவில்லை. மெல்ல மெல்லத் தேறி வருகிறார்! அயல்நாட்டு மருத்துவமனையிலிருந்து தொலைபேசியில் செய்தி கேட்கும் பெற்றோர்க்கு இவ்வேறுபாடுகள் விளையாட்டல்ல.

1930ஆம் ஆண்டில் ஆக்டன் என்னும் ஆங்கில அறிஞர், பிறமொழியாளர் எளிதில் கற்கும்படி 850 சொற்களே கொண்ட ‘பேசிக் இங்கிலீஷ்’ என்னும் திட்டத்தை வெளியிட்டார். அதில் வினைகள் பதினெட்டே. ‘அப்டெய்ன்’, ‘ரிசீவ்’ இரண்டிற்கும் அங்கே இடமில்லை, ‘கெட்’டுக்கு இடமுண்டு. சொற்குறைவு எளிமையாகத் தோன்றினும், அப்பதினெட்டும் தாங்கும் சுமை பெரிது. அச்சுமையை எவரும் நமக்குச் சொல்லித்தரவில்லை; நாமும் பிறர்க்குச் சொல்லித்தரவில்லை.

இத்தனைக்கும் தமிழருக்கு இது விளங்காத புதிரன்று. ‘ஊரை அடைந்தான், வெற்றி அடைந்தான், கோபம் அடைந்தான்’ என்று ஒரே வினையை மூன்று வகையாய் நாம் ஆளவில்லையா? பரிசு பெறுதலும் பிள்ளை பெறுதலும் நமக்கு ஒரே சொல்தானே? ஆங்கிலேயர் ஒன்று விளங்காதபோது, ‘ஐ டோண்ட் கெட் இட்’ என்பர். நாமோ ‘பிடிபடவில்லை’ என்போம். கற்றோர் சொல்லாகிய ‘காம்ப்ரஹெண்ட்’ என்பதும் பற்றிப் பிடித்தலைக் குறிக்கும் ‘ப்ரெஹெந்தெரே’ என்னும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்ததே. ‘கெட்’டுக்கும் அந்த இலத்தீன் வினைக்கும் வேர் ஒன்றே என்பது மொழிநூலார் முடிபு. குருமடத்தில் இலத்தீன் பயின்றும் இந்த உறவை நாம் அறிந்தது மிகப் பிந்தியே.

மாலை வகுப்பு இப்போதும் நடைபெறுகிறது. இவ்வாண்டு முதல் நாளன்று கரும்பலகையில், ‘ஐ ஹாவ் காட் டு கோ’ என்று எழுதிப் பொருள் கேட்டோம். முன்வரிசைச் சிறுவன் ஒருவன் எழுந்து, “நான் போவதற்குப் பெற்றிருக்கிறேன்” என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. சிரிப்பு அடங்கிய பிறகு, அந்தப் பெரியவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்த இரவைப் பிள்ளைகளுக்குச் சொன்னோம். அந்தச் சிவப்பு மையைப் பற்றியும் சொன்னோம்.